கரமனை மாமிக்கு மெஷின் தேடின கதை

வீடு பெருக்குகிற ரோபோ விற்கிறவளுக்கு, ஊரில் யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பதெல்லாம் தெரிந்துபோகும்; ஆனால் வாயைத் திறக்க முடியாது. மறுபடி அதே வீட்டுக்கு சர்வீஸுக்குப் போக வேண்டுமே!

பழவங்காடியில் கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ரோட்டைக் கடந்தால் எங்கள் கடை. கீழே மிக்ஸியும் கிரைண்டரும். மாடியில் ரெஜியின் வாஷிங் மெஷின்களும் என்னுடைய ரோபோக்களும். ரெஜி மலையாளி, அக்கா முறைக்கு என்னைச் சேச்சி என்பான். நான் ஆரியசாலைக்காரி, பெயர் செல்வி. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். கோபமோ அடிக்கடி வரும். ஆனால் எங்கள் வேலை சிரிக்கிற வேலை. ஒரு மணி நேரம் எல்லா மாடலையும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, கீழ கூட்டமா இருந்துது, அதான் மேல வந்தேன்" என்று இறங்கிப் போகிறவருக்கும் பல்லைக் காட்டியே ஆகவேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கினவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

அரிசி தூவின நாள்

டெமோ காட்டும்போது தரையில் ஒரு பிடி அரிசி தூவுவோம். குப்பையைப் போட்டால் கடை அசிங்கமாகும், மணலைப் போட்டால் தரையில் கீறல் விழும். அரிசி என்றால் கண்ணுக்குத் தெரியும், மெஷின் அதைக் கடகடவென்று விழுங்குகிற சத்தமும் கேட்கும். பாதிப் பேர் அந்தச் சத்தத்தில்தான் விழுவார்கள்.

அன்றைக்கும் தூவினேன். கோயிலிலிருந்து நேராக மாடியேறி வந்த ஒரு மாமி, கையில் பிரசாதத்தோடு நின்று பார்த்தார். மெஷினை ஆன் பண்ண ரெஜி கையை நீட்டுவதற்குள் மாமி சட்டென்று குனிந்து அரிசியைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். ரெண்டு மணிகூடப் பொறுக்கியிருக்க மாட்டார். அப்படியே நின்றுவிட்டார், நிமிர முடியவில்லை. முகம் வெளிறிப் போய்விட்டது. நானும் ரெஜியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெல்ல நிமிர்த்தி நாற்காலியில் உட்கார வைத்தோம். வலியில் கண்ணீர் வழிகிறது, அந்த நிலையிலும் என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தார் பாருங்கள்.

"நன்னா பெருக்கறதுன்னு காட்டணும்னா காட்டு, வேண்டாங்கலை. அதுக்காக அன்னத்தையா தரையில கொட்டுவா?"

மெஷினுக்கு என்னென்ன தெரிய வேண்டும்

அன்றிலிருந்து அரிசிக்குப் பதில் பழைய பேப்பரைக் கிழித்துப் போடுகிறோம். மாமியும் அன்றிலிருந்து எங்கள் வாடிக்கையாளர் ஆனார், வாங்காத வாடிக்கையாளர். பெயர் விசாலம். கரமனையில் அக்கிரகாரத்து வீடு. சர்க்கார் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், மாமா காலமாகிவிட்டார். முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது, இனிமேல் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண், மகள் பிரசவத்துக்கென்று ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. ஒரே மகன் கார்த்தி பெங்களூரில் இருக்கிறான். வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிடு என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். பூஜை லீவுக்கு வருகிறான். அம்மா குனியாமல் இந்த வீட்டைச் சமாளிக்க முடியும் என்று அவனுக்குப் பட்டால் மாமி இங்கே இருக்கலாம். படாவிட்டால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

மாமி கேட்ட கேள்விகளை இதுவரை யாரும் கேட்டதில்லை. "விளக்கு வெச்சப்புறம் பெருக்கப்படாதுன்னு அதுக்குத் தெரியுமோ?" நேரம் செட் பண்ணினால் அந்த நேரத்தில்தான் ஓடும் என்றேன். "சுவாமி உள்ளுக்குள்ள நுழையாதே?" கோடு போட்டுக் கொடுத்தால் நுழையாது என்றேன். "ஆத்துலேர்ந்து ஒருத்தர் ஊருக்குக் கிளம்பினா, அவா போய்ச் சேர்ற வரைக்கும் பெருக்கப்படாது. அது?" இந்த வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டுதான். ஆள் படி இறங்கினவுடன் பெருக்கித் தள்ளினால், போனவர் திரும்பி வர வேண்டாம் என்று சொன்ன மாதிரி. ஆனால் காலையிலிருந்து நின்ற காலோடு இருந்ததால் எனக்குப் பொறுமை போய்விட்டது. "மாமி, இது மெஷின். யாரு வந்தா, யாரு போனான்னு இதுக்கு எப்பிடித் தெரியும்? மனுஷங்க யாராவதுதான் சொல்லிக் குடுக்கணும்" என்றேன். இவ்வளவு யோசிப்பதற்குப் பேசாமல் மகனோடு போய் நிம்மதியாக இருக்கலாமே என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மாமி கோபப்படவில்லை. பிரசாத இலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அங்க எனக்கு ஒரு ரூம் தருவான், செல்வி. இங்க எனக்கு வீடே இருக்கு."

பிச்சிப்பூ

அதற்குள் வேறொரு வீட்டில் இருந்து புகார். வாங்கி ஒரு மாசம் ஆகவில்லை, மெஷின் உறுமுகிறது, நகரவில்லை. போனில் அந்த மனிதர் போட்ட சத்தத்தில் ரெஜிக்கே காது அடைத்துவிட்டது. போய்ப் பார்த்தேன். மெஷினைக் கவிழ்த்தேன். அடியில் உருளுகிற பிரஷ் முழுக்கப் பூ கட்டின நார், சுற்றிச் சுற்றி முறுக்கேறிக் கிடக்கிறது. நடுவில் காய்ந்த பிச்சிப்பூ ரெண்டு. கத்தரியால் வெட்டி வெட்டி எடுத்தேன். ஒரு கைப்பிடி வந்தது. அந்த வீட்டு அம்மா தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கணவர் குரல் அப்படியே இறங்கிவிட்டது.

இதில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. விசாலம் மாமி தினமும் சுவாமிக்குப் பூ கட்டுகிறவர். ஆகவே அவருக்கு மயிர் வைத்த பிரஷ் ஆகாது, ரப்பர் பிரஷ்தான் வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். ரப்பர் பிரஷ் வைத்த மாடல் இருக்கிறது, இதை மாற்றித் தரட்டுமா, இல்லை, அம்மா பூவை எடுத்து வேறெங்காவது போடுவார்களா என்று கணவரிடம் கேட்டேன். அவர் உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்:

"மேடம், மெஷினை மாத்துங்க. அவகிட்ட என்னைப் பேச வைக்காதீங்க."

அண்டாவுக்குள்ளே

கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்க்கிற தம்பதி. ஆபீசிலிருந்து வரும்போது வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று மாலை ஆறரைக்கு டைம் வைத்திருந்தார்கள். ஊரிலிருந்து மாமியார் வந்தார். விளக்கேற்றிக் கும்பிட்டுத் திரும்பினால், மெஷின் சோபாவுக்கு அடியிலிருந்து கிளம்பி வருகிறது. நிறுத்துகிற பட்டன் எது என்று தெரியாது. கோழியைக் கவிழ்க்கிற மாதிரி பெரிய அண்டாவை எடுத்து அதன்மேல் கவிழ்த்துவிட்டார். உள்ளே அது முட்டி முட்டிச் சுற்றி, சார்ஜ் தீர்ந்து அடங்கிவிட்டது. மருமகள் பதறிப்போய் எனக்குப் போன் பண்ணினாள். பக்கத்தில் மாமியார் நிதானமாகப் பேசுவது எனக்கே கேட்டது.

"ஒண்ணும் ஆகல. காலைல அண்டாவை எடுத்துவிட்டா தானா பெருக்கும்."

கறுப்புப் பட்டை

ஒருவழியாக மாமி வீட்டில் டெமோ வைத்தோம். கடையிலேயே விலை கூடின மெஷினை ரெஜி கையில் கொடுத்து ஆட்டோ பிடித்துப் போனேன். பெரிய கூடம். முகம் தெரிகிற சிவப்புத் தரை, அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை. ஒரு பக்கம் திறந்த முற்றம், இரண்டு படி கீழே. ரேழியில், அதாவது வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள இடத்தில், ஒரு பெட்டி பூட்டித் தயாராக நின்றது. "யாரு ஊருக்குப் போறா, மாமி?" என்றேன். "நான்தான். எதுக்கும் அடுக்கி வெச்சுக்கோன்னு கார்த்தி சொன்னான்" என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நல்ல மெஷினாகக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போதே மனசுக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது.

மெஷின் கூடத்தில் ஜோராக ஓடியது. கறுப்புப் பட்டை வந்தது, நின்றது, பின்வாங்கியது. மறுபடி வந்தது, நின்றது. இந்த மெஷின்களுக்கு வயிற்றுப் பக்கம் ஒரு கண் உண்டு. தரையில் பட்டு வெளிச்சம் திரும்பி வராவிட்டால் பள்ளம் என்று எடுத்துக்கொள்ளும். கறுப்புத் தரையில் வெளிச்சம் திரும்பாது. ஆகவே கூடத்தைச் சுற்றி அகழி வெட்டியிருப்பதாக அது முடிவு செய்துவிட்டது. "சேச்சி, அந்தக் கண்ணுல டேப் ஒட்டிடலாம்" என்றான் ரெஜி. ஒட்டலாம். முற்றத்தில் விழுந்தால் யார் எடுப்பது? மாமியா குனிந்து எடுப்பார்? எனக்கு வந்த கோபத்தில் அவனை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு மெஷினைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த தடவை கொண்டுபோனது விலை குறைந்தது, ரப்பர் பிரஷ் வைத்தது. கறுப்புப் பட்டை வந்தது. நின்று யோசிக்கவே இல்லை, தாண்டிவிட்டது! சந்தோஷப்பட நேரமில்லை, நேராக முற்றத்தைப் பார்த்துப் போகிறது. ரெஜி கீழே குதித்து, பந்து பிடிக்கிறவன் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குந்திவிட்டான். மாமி "முருகா" என்றார். விளிம்பு வரை வந்து, மூக்கை நீட்டிப் பார்த்து, திரும்பிவிட்டது. கறுப்புக்கும் பள்ளத்துக்கும் இதன் வயிற்றுக் கண்ணுக்கு வித்தியாசம் தெரிகிறது. அப்பாடா! நிலைப்படிகளுக்கு இரண்டு பக்கமும் ஆசாரியைக் கொண்டு சாய்வுப் பலகை போட்டோம். அதில் ஏறி, படிமேல் நிற்காமல் சர்ரென்று அந்தப் பக்கம் இறங்கிற்று. மாமி அதையே வாங்கிக்கொண்டார், வாயெல்லாம் பல்.

"வாசப்படியில நிக்கப்படாதுன்னு தெரிஞ்சிருக்கே. நல்ல ஆத்துல வளர்ந்ததாக்கும்!"

நெற்றியில் சந்தனம்

பூஜை லீவு வந்தது, கார்த்தியும் வந்தான். அவன் வந்த மறுநாளே போன். "செல்வி, ஓடி வா. அது கோணல்மாணலாப் போறது, சுவத்துல முட்டறது, என் மானத்தை வாங்கறது." கடையில் கூட்டம். ரெஜியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். மெஷின் தூணில் முட்டி, பெட்டியில் முட்டி, அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கார்த்தி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். "இதை நம்பியாம்மா நீ இங்க தனியா இருக்கப்போறே?" என்று கேட்கிறான். மாமி அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். மெஷினின் தலையில் சின்னதாகக் குமிழ் மாதிரி இருக்கும், அதுதான் அது சுற்றிலும் பார்க்கிற கண். அந்தக் குமிழைச் சுற்றிக் கெட்டியாகச் சந்தனம், மேலே குங்குமம், அதன் மேல் ஒரு செம்பருத்தி இதழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆயுத பூஜையாம்! தையல் மெஷினுக்கும் மிக்ஸிக்கும் இட்ட கையோடு இதற்கும் இட்டிருக்கிறார். ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். அடுத்த நிமிஷமே நேராக ஓட ஆரம்பித்தது. கார்த்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமிக்கு மட்டும் வரவில்லை.

"நெத்தின்னு நெனச்சுண்டு இட்டேன். அதுக்குக் கண்ணே அங்கதான்னு நீ ஏன் முன்னாடியே சொல்லலை?"

யார் போனில்

மெஷினை நடத்துகிற ஆப்பை இனித் தன் போனில் போட்டுக்கொள்கிறேன் என்றான் கார்த்தி. மாமியின் போனில்தான் நான் போட்டுக் கொடுத்திருந்தேன். "அம்மாவுக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது, மேடம். என்கிட்ட இருந்தா எத்தனை மணிக்கு ஓடினது, எங்க நின்னதுன்னு எனக்குத் தெரியும். இது நின்னா அம்மா குனிவா. குனிஞ்சான்னு தெரிஞ்ச அன்னிக்கே வந்து கூட்டிண்டு போயிடுவேன்" என்றான். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அம்மாவுக்கு இன்ஸ்பெக்டர் வேலை பார்க்கப்போகிறானாக்கும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாடிக்கையாளர் ஆயிற்றே, பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தேன். தினமும் காலை ஒன்பது மணி என்று அவனே டைம் வைத்தான். "சரி, கொஞ்ச நாள் பாக்கலாம். பெட்டி அப்படியே இருக்கட்டும்" என்றான்.

அடுக்களையில் மாமி எனக்குக் காபி கலந்துகொண்டிருந்தார். "பாருங்க மாமி, இங்க இருக்கலாம்னு சொல்லிட்டான்ல, சந்தோஷமா இருங்க" என்றேன். மாமி டம்ளரை நீட்டினார், முகம் மட்டும் திரும்பவில்லை.

"வேலைக்காரி வந்தாளா, பெருக்கினாளான்னு கேக்கத்தான் தினம் ஒரு போன் பண்ணுவான். இனிமே அதையும் அதுல பாத்துப்பான்."

ஓடாத காலை

கார்த்தி ஊருக்குக் கிளம்பின அன்று, முற்பகலிலேயே மாமியின் போன். "செல்வி, அது செத்துப்போச்சு போலிருக்குடி." ஏர்போர்ட்டுக்குப் போகிற டாக்சி தெருமுனை திரும்பின பிறகுதான் மாமிக்கு ஞாபகம் வந்திருக்கிறது, ஒன்பது மணிக்கு மெஷின் கிளம்பிவிடுமே என்று. மகன் இப்போதுதான் படி இறங்கியிருக்கிறான், அவன் பின்னாலேயே வீடு பெருக்குவதா? பட்டனை அமுக்கலாம் என்றால் குனிய முடியாது. காலால் அமுக்கலாம்தான், ஆனால் சந்தனம் இட்டதைக் காலால் தொடுவாரா? வழியை மறித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றாராம். ஒன்பது அடித்தது. அசையவில்லை. அப்பாடா என்று முதலில் நிம்மதி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பயம் பிடித்துக்கொண்டது: கெட்டுப்போய்விட்டது, அவன் போனில் பார்த்திருப்பான், இனி என்ன, பெட்டிதான்.

சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஏறிப் போனேன். கவிழ்த்துப் பார்த்தேன். சார்ஜ் முழுசாக இருக்கிறது, பிரஷ் சுத்தம், கண் சுத்தம். ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பட்டனில் விரலை வைத்தேன். "தொடாதே!" என்று ஒரு கத்தல். "அவன் இன்னும் போய்ச் சேரலை. அதுக்குள்ள பெருக்கப்படாது." சரி மாமி, அவனுக்கு ஒரு போன் போட்டு எங்கே இருக்கிறான் என்று கேளுங்கள் என்றேன். "கேட்டா, மெஷின் என்னாச்சுன்னு கேப்பான். வேண்டாம்." ஐயோ சாமி! ஓட்டக் கூடாத மெஷினை நான் எப்படி ரிப்பேர் பார்ப்பது? இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கேஸ் எனக்கு வந்ததில்லை. மாமி காபி கலந்தார். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கடையில் மேனேஜர் தேடுவாரே என்ற நினைப்புகூட வரவில்லை.

டம்ளரைக் கீழே வைக்கவில்லை, 'டிங்' என்று ஒரு சத்தம். யாரும் தொடாமல் மெஷின் கிளம்பிவிட்டது. நான் துள்ளி எழுந்தேன். அது பாட்டுக்குச் சிவப்புத் தரையில் வந்து, கறுப்புப் பட்டையைத் தாண்டி, ரேழிப் பக்கம் போகிறது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாமிக்குப் பிடிபட்டுவிட்டது. "கார்த்தி ஆத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டான்" என்றார், சாதாரணமாக. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அவன்தானே காலம்பற நிறுத்தி வெச்சிருக்கான். ஊர் போய்ச் சேராம பெருக்கப்படாதுன்னு என் பிள்ளைக்குத் தெரியாதா? நீதானே அன்னிக்குச் சொன்னே, மனுஷா யாராவதுதான் சொல்லிக் குடுக்கணும்னு." சொல்லும்போதே சிரிக்கிறார், அழுகிறார், எதைத் துடைப்பது என்று தெரியாமல் தலைப்பை வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் வாய்விட்டே அழுதுவிட்டேன், வெட்கமென்ன அதில். இப்போது அந்த ஒன்பது மணி டைமை எடுத்துவிட்டு, தினமும் காலையில் கார்த்தியே அங்கிருந்து அதை ஓட்டிவிடுகிறான். என்றைக்காவது அது நேரமாகிக் கிளம்பினால், ராத்திரி கண்விழித்து வேலை பார்த்திருக்கிறான் என்று மாமி இங்கிருந்து அவனுக்குப் போன் பண்ணித் திட்டுகிறாராம். கார்த்தி கிளம்பின அன்றைக்கு மெஷின் ரேழிக்குப் போய்ப் பெட்டியில் முட்டி, விலகி, மறுபடி முட்டிக்கொண்டிருந்தது. மாமி அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செல்வி, போறப்போ அந்தப் பெட்டியை உள்ள கொண்டுவெச்சுட்டுப் போயிடு. அதுக்கு வழியை மறைக்கறது."

இப்போதெல்லாம் "இது நல்லாப் பெருக்குமா?" என்று கேட்டு வருகிறவர்களிடம், பெருக்குவது கிடக்கட்டும், ஆப்பை யார் போனில் போடப்போகிறீர்கள் என்று வீட்டில் பேசி முடிவு பண்ணிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறேன், என் விற்பனை ஏன் படுத்துவிட்டது என்று மேனேஜர் மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.